டாபர்மேனுக்கான வான் வில்லிபிராண்ட் டிஎன்ஏ கிட்: எதற்கு வாங்கலாம், எதற்கு நம்பக்கூடாது

வான் வில்லிபிராண்ட் என்பது, ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் குறைவதால் வரும் பரம்பரை ரத்தக்கசிவு நோய். பஞ்சுக் குச்சி, பெயர் எழுத ஒட்டுச்சீட்டு, காகித உறை. பெரும்பாலான கிட்களில் இவ்வளவுதான் இருக்கும். ஊசி தேவையில்லை. டாபர்மேனை கிராஸுக்கு விடுவதாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தீனி வைத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சை வைத்து 30 வினாடி அழுத்தி உருட்டுங்கள். எச்சில் ஊறினால் போதாது, கன்னத்தின் செல்கள் ஒட்ட வேண்டும். எதன்மேலும் படாமல் காற்றில் காயவைத்து, அப்புறம் உறையில் போடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பால்குடிக் குட்டியின் வாயில் தாயின் செல்களும் இருக்கும். கொஞ்ச நேரம் பிரித்து வைத்துவிட்டு எடுங்கள்.

கிளியர் (மரபணு மாற்றம் இல்லை), கேரியர் (ஒரு பிரதியில் மட்டும்), அஃபெக்டட் (இரண்டு பிரதியிலும்) என்று முடிவு வரும். கேரியர் என்றதும் நல்ல நாயை ஒதுக்கிவிடாதீர்கள். கிளியரோடு சேர்த்தால் அஃபெக்டட் குட்டி பிறக்காது. இரண்டு கேரியர்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

வாங்குமுன் வகையைப் பாருங்கள். டாபர்மேனுக்கு வருவது 1-ஆம் வகை. ஸ்காட்டிஷ் டெரியருக்கு வரும் 3-ஆம் வகையில் மரபணு மாற்றமே வேறு. ஜெர்மன் ஷெப்பர்டில் காணப்படும் இன்னொரு ரத்தக்கசிவு நோயான ஹீமோபீலியா ஏ-யும் இதில் தெரியாது.

பெரிய குறை ஒன்று உண்டு. கத்தி வைத்தால் ரத்தம் நிற்குமா என்பதற்கு இந்தக் கிட்டில் பதில் இல்லை. அஃபெக்டட் நாய்களிலும் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் அளவு நாய்க்கு நாய் மாறும். கருத்தடை ஆபரேஷனுக்கு முன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்: பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் சரி, 50-க்குக் கீழ் குறைபாடு. ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் உள்ள டியூபைக் கோடு வரை நிரப்ப வேண்டும், 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுத்த ரத்தம் உறைந்திருந்தால், உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் பிடி, ஏபிடிடி சோதனைகள் நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். இந்த நோயில் அவை பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தால், டாக்டர் மேலுதட்டை மடித்து உள்பக்கம் 1 மி.மீ. ஆழத்தில் கீறி, ரத்தம் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். வடியும் ரத்தத்தை ஃபில்டர் பேப்பரில் ஒற்றும்போது கீறலைத் தொட்டால் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து கணக்கே தப்பாகும். 4 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, டெஸ்மோபிரஸின் (அந்தப் புரதத்தை ரத்தத்தில் கூட்டும் மருந்து), கிரையோபிரெசிபிடேட் (அந்தப் புரதம் செறிந்த ரத்தப் பொருள்) பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.