பல்கலைக்கழக அட்டை இல்லாமல் கேம்பிரிட்ஜில்: பொதுச் சொற்பொழிவுகள், கண்காட்சிகள் பற்றி என் நீண்டநாள் அனுபவம்

கேம்பிரிட்ஜில் குடியேறிப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. மருந்துக்கடையில் வேலை. பல்கலைக்கழகத்துக்கும் எனக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. மாணவனாகவும் இருந்ததில்லை, ஊழியனாகவும் இருந்ததில்லை. ஆனாலும் இந்த ஊரில் எனக்குக் கிடைத்தவற்றில் மிக உயர்ந்தது எது என்று கேட்டால், பல்கலைக்கழகம் பொதுமக்களுக்காக நடத்தும் சொற்பொழிவுகளையும் கண்காட்சிகளையும்தான் சொல்வேன். ஊருக்குப் புதிதாக வரும் நம் ஆட்கள் பலர் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் முன் ஒரு படம், கேம் ஆற்றில் ஒரு படகுச் சவாரி என்று முடித்துக்கொள்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழகத்தில் நடக்கும் பேச்சுகளையெல்லாம் தொகுத்துத் தரும் ‘டாக்ஸ்.கேம்’ என்ற பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதைத் திறந்தால் தலை சுற்றும். ஒரு வாரத்துக்குள் அத்தனை பேச்சுகள். அவற்றில் பெரும்பாலானவை துறைக் கருத்தரங்குகள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் பேசுபவர் அந்தத் துறைக்காரர்களை நினைத்துத்தான் பேசுவார். மருந்தியல் பக்கம் ஓரளவு பழக்கமுள்ள எனக்கே, புரதங்களைப் பற்றிய ஒரு கருத்தரங்கில் மூன்றாவது படத்தோடு பிடி நழுவிவிட்டது. எல்லோருக்கும் கதவு திறந்திருப்பது ஒன்று, எல்லோருக்குமாகத் தயாரித்துப் பேசுவது வேறு. இரண்டாவது வகையைத் தேடிப் போனால் இந்த ஊர் அள்ளிக் கொடுக்கும்.

அந்த வகையில் நான் முதலிடம் தருவது டார்வின் கல்லூரிச் சொற்பொழிவு வரிசைக்கு. 1986இல் தொடங்கியது. ஜனவரியிலிருந்து மார்ச் வரையான லென்ட் பருவத்தில், வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, சிட்ஜ்விக் வளாகத்தின் லேடி மிட்செல் அரங்கில் நடக்கும். ஆண்டுக்கு ஒரே தலைப்பு, எட்டுப் பேச்சுகள். எட்டுப் பேரும் எட்டுத் திசையிலிருந்து வருவார்கள் என்பதுதான் இதன் சிறப்பு. 2014இல் தலைப்பு ‘கொள்ளைநோய்கள்’. மருத்துவர்கள்தான் பேசப்போகிறார்கள் என்று நினைத்துப் போனேன். கொள்ளைநோயும் சமூகங்களின் வீழ்ச்சியும் பற்றி வரலாற்றாசிரியர் இயன் மோரிஸ் பேசினார். கணினி வைரஸ்களைப் பற்றிப் பின்லாந்துக்காரரான மிக்கோ ஹிப்போனன் பேசினார். கேன்டர்பரியின் முன்னாள் பேராயர் ரோவன் வில்லியம்ஸ், கொள்ளைநோயை நாம் எதற்கெல்லாம் உவமையாக்குகிறோம் என்று எடுத்துக்கொண்டார். மருந்துச் சீட்டும் கையுமாக நாள் முழுக்க நிற்கிறவனுக்கு, நோய் என்ற ஒன்றை இத்தனை பக்கத்திலிருந்து பார்க்க முடியும் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்தடுத்த வருடங்களில் ‘விளையாட்டுகள்’, ‘இடப்பெயர்வு’, ‘புதிர்கள்’ என்று தலைப்புகள் வந்தன. எனக்குச் சம்பந்தமில்லாத தலைப்பு என்று ஒன்றையும் தள்ளியதில்லை.

நான் போன வருடங்களில் இதற்கு முன்பதிவு கிடையாது. வரிசையில் நின்று உள்ளே போக வேண்டும். பெயர்பெற்ற பேச்சாளர் என்றால் அரங்கு நிரம்பிப் பக்கத்து அரங்கில் திரையில்தான் பார்க்கலாம். பேச்சின் காணொளி பிறகு யூடியூபில் வந்துவிடும், அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் நேரில் போவதையே நான் விரும்புகிறேன். பக்கத்து இருக்கையில் பின்னல் வேலையோடு வந்து உட்காரும் எழுபது வயதுப் பாட்டியும், பின்னால் பள்ளிச் சீருடையில் குறிப்பெடுக்கும் பையனும் ஒரே இடத்தில் சேர்ந்து திகைப்பதை யூடியூபில் பார்க்க முடியாது.

அடுத்தது வானியல் நிறுவனத்தின் புதன்கிழமைத் திறந்த மாலைகள். மேடிங்லி சாலையில் இருக்கிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை, இரவு ஏழேகால் வாக்கில் அரை மணி நேரப் பேச்சு. வானம் தெளிவாக இருந்தால் அப்புறம் தொலைநோக்கி. மேகம் மூடியிருந்தாலும் பேச்சு உண்டு. இங்கிலாந்துக் குளிர்கால வானத்தை நம்பிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கே நார்தம்பர்லேண்ட் தொலைநோக்கி என்று ஒரு பழைய கருவி இருக்கிறது. 1830களில் நிறுவியது. ஏறக்குறைய 12 அங்குல வில்லை, 20 அடிக்கு நெருங்கிய குழல். 1846இல் நெப்டியூனைத் தேடிய கேம்பிரிட்ஜ் வானியலாளர் ஜேம்ஸ் சாலிஸ் இதன் வழியாகத்தான் பார்த்தார். ஆகஸ்டிலேயே அந்தக் கோள் அவர் கண்ணில் பட்டது, குறித்தும் வைத்தார். கோள் என்று அடையாளம் காணவில்லை. செப்டம்பரில் பெர்லின்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே குழலில் இன்று நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பார்க்கவிடுகிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த மாமனாரை ஒரு குளிர்காலத்தில் அழைத்துப் போனேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஆங்கிலப் பேச்சை அமைதியாகக் கேட்டுவிட்டு, தொலைநோக்கி முறை வந்ததும் குல்லாயைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். அன்று வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க மாப்பிள்ளை, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் மூணுன்னு புள்ளி தெரியுதுங்களே?”

“அது வியாழனோட நிலாக்கள்ங்க மாமா.”

“வியாழன்னா நம்ம குருங்களா? இத்தனை வருசமாப் பஞ்சாங்கத்துலதான் பார்த்திருக்கேன்.”

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவரை விலக்கவே மனம் வரவில்லை. கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலரும் அவசரப்படுத்தவில்லை. மாமா நிமிர்ந்ததும், எல்லோரும் பார்த்த பிறகு இன்னொரு முறை வாருங்கள் என்றார். அந்தப் பொறுமைக்காகவே இந்த மாலைகளை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கண்காட்சிகளில் எனக்குப் பிடித்த இடம் பல்கலைக்கழக நூலகம். உறுப்பினர் அட்டை இல்லாதவர்களும் அங்குள்ள கண்காட்சி அறைக்கு இலவசமாகப் போகலாம். 2022இல் டார்வினின் கடிதப் போக்குவரத்தைப் பற்றிய கண்காட்சி வைத்தார்கள். அதில் எல்லோரும் தேடிப்போய்ப் பார்த்தது அவருடைய இரண்டு சிறு குறிப்பேடுகளை. படம் எடுப்பதற்காக 2000இல் வெளியே எடுத்த பிறகு காணாமல் போனவை அவை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் தகவலே இல்லை. 2022 மார்ச்சில், இளஞ்சிவப்புப் பரிசுப் பை ஒன்றில் போட்டு, நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து எழுதி, நூலகத்துக்குள்ளேயே யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சில மாதங்களில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துவிட்டார்கள். திரும்பக் கிடைத்ததைப் பூட்டி வைக்காமல் ஊருக்குக் காட்டினார்களே, அந்த மனத்தை மதிக்கிறேன்.

ஒவ்வொரு குறிப்பேடும் அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். ஒன்றில் 1837இல் எழுதிய பக்கம். மேலே ‘ஐ திங்க்’ (நான் நினைக்கிறேன்) என்று கிறுக்கல். கீழே, உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்ததைக் காட்டும் கிளைக்கோடுகள். பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். மைக்கோடு எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிகிறது என்பதை நேரில்தான் பார்க்க முடிந்தது.

விலங்கியல் அருங்காட்சியகமும் செட்ஜ்விக் புவியியல் அருங்காட்சியகமும் குழந்தைகளுக்கு ஏற்றவை, இரண்டும் இலவசம். விலங்கியலில் தலைக்கு மேல் தொங்கும் திமிங்கில எலும்புக்கூடு ஒன்றே போதும், அரை மணி நேரம் ஓடிவிடும்.

குறைகளும் உண்டு. இலவச முன்பதிவு பெரிய தலைவலி. ஒரு பிரபலப் பேச்சுக்கு இடம் முடிந்துவிட்டது என்று இணையத்தில் காட்டியது. போய்த்தான் பார்ப்போமே என்று போனால் கால்வாசி இருக்கை காலி. பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பவர்கள் அத்தனை பேர். போக முடியாவிட்டால் தயவுசெய்து சீட்டை ரத்து செய்யுங்கள், வேறொருவர் காத்திருப்பார். சில கண்காட்சிகள் வாரநாள் மதியம் மட்டுமே திறந்திருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுத்தால்தான் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் பல்கலைக்கழகம் நடத்தும் கேம்பிரிட்ஜ் திருவிழாவில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் ஒரே சமயத்தில் குவிகின்றன. அவற்றில் பாதியை நவம்பருக்குத் தள்ளினால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ நன்றாக இருக்கும்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. கேள்வி நேரத்தில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பேச்சு முடிந்ததும் பேச்சாளரைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள், அங்கே போய்க் கேளுங்கள். உடைந்த ஆங்கிலத்தில் கேட்ட என் கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள்; ஒருவர் என் நிகழ்ச்சித்தாளின் பின்பக்கத்தில் படமே வரைந்து விளக்கினார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜனவரியில் டார்வின் கல்லூரி வரிசையிலிருந்து தொடங்கலாம். ஐந்து மணிக்கே போய்விட்டால் உட்கார இடம் கிடைக்கும். சைக்கிளில் போவது நல்லது, வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பக்கம் கார் நிறுத்த இடம் தேடி மாளாது.