அம்மாவின் கிளினிக் கொப்பியும் இருபத்துநான்கு பரிசோதனையும்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஊருக்கு வந்த இரண்டாம் நாளே அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய் 'முழுச் செக்கப்' செய்ய வேண்டும். வருடம் முழுக்கப் பக்கத்தில் இல்லாத குறையை இரத்தம் எடுத்துத் தீர்க்கிறோம் போல. ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்குப் போன நானும் அதைத்தான் செய்தேன்.

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆய்வுகூடம். கவுன்டரில் இருந்த தங்கச்சி மினுங்கல் தாள் ஒன்றை நீட்டினாள். "அன்ரிக்கு எழுபது தாண்டிட்டுதுதானே அண்ணா, இந்தப் பக்கேஜில எல்லாம் வரும்." இருபத்துநான்கு பரிசோதனைகள். டொக்டரின் துண்டு இருக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் வெறும் வயிற்றோடு போனோம். எங்கள் இலக்கம் வரப் பத்தரை. அம்மா சீனி வருத்தக்காரி. கை நடுங்கத் தொடங்கிவிட்டது. ஊதா மூடி, சாம்பல் மூடி, மஞ்சள் மூடி என்று வரிசையாகக் குழாய்கள். ஊசி குத்திய கை நல்ல கை, அதில் குறை சொல்ல மாட்டேன். அன்றிரவே அறிக்கையும் வட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில். புற்றுநோய்க் குறிகாட்டி ஒன்று எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அம்மா இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. நான் கூகிளைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அம்மா வழமையாகக் காட்டும் டொக்டரிடம் ஓடினோம். அவர் அந்த வரியைப் பார்த்துப் பதறவில்லை. இந்தக் குறிகாட்டி, புற்றுநோய் இருப்பவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் பெரும்பாலும் உதவுமாம். சுகமாக இருப்பவரிடம் நோய் தேடுவதற்கு இல்லையாம். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். அறிக்கையில் போடும் 'சாதாரண அளவு' என்பது பொதுவாகச் சுகதேகிகளில் 95 வீதமானவர்கள் அடங்கும் எல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனை செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டி வர 64 வீத வாய்ப்பு உண்டு. காசு கொடுத்துப் பயத்தை வாங்கியிருக்கிறேன்.

அம்மாவின் கைப்பையில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி இருந்தது. பக்கேஜில் இருந்த எச்பிஏ1சியை அங்கே ஐந்து கிழமைக்கு முன்புதான் செய்திருக்கிறார்கள், இலவசமாக. இரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சீனியை அளக்கும் பரிசோதனை அது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அந்தப் பரிசோதனை காட்டுவதும் கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைத்தான். மருந்தும் மாறாதபோது இவ்வளவு கெதியில் திரும்பச் செய்து என்ன காண்பது? விற்றமின் டி பரிசோதனை இன்னும் மோசம். நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2010 டிசம்பரிலேயே, குறிப்பிட்ட சில நோய் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதற்கு அரசு பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கே என் டொக்டர் "தேவையில்லை" என்றதை இங்கே வலிய வாங்கினேன்.

"சரி, யூரின் மைக்ரோ அல்புமின் எங்க?" என்றார் டொக்டர். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனை. சீனி வருத்தக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்குவதை முதலே காட்டிக்கொடுப்பது அதுதான். வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கொப்பியைப் புரட்டினால் கடைசியாகச் செய்து இரண்டு வருடம். இருபத்துநான்கிலும் அது இல்லை.

இந்தமுறை துண்டோடு போனோம். ஒரு சின்னப் போத்தல், பக்கேஜ் காசில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வந்த அறிக்கையை அம்மா சோற்றுப் பருக்கை வைத்துக் கொப்பியில் ஒட்டினார். மற்ற ஆறு பக்கத்தையும் மடித்துத் தந்து, "இதுக்குக் குடுத்த காசுக்கு ஒரு மாதம் மீன் வாங்கியிருக்கலாம் தம்பி" என்றார்.