திருவொற்றியூர் கவசம் திறப்புக்குப் போகிறீர்களா? வாசலில் தைலம் வாங்காதீர்கள்

கார்த்திகைப் பௌர்ணமிக்கு வடசென்னையில் இருக்கிற திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன முறை எனக்கு 1,700 ரூபாய் போனது. பணத்தைக்கூட விடுங்கள், அந்தத் தைலத்தைப் பூசி பெரியம்மாவுக்கு ரெண்டு நாள் நெற்றி எரிந்ததுதான் மனசு ஆறவில்லை.

இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். அதனால் வருஷம் முழுக்கக் கவசம் சாத்தியே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுத்துவிட்டு, புனுகு (புனுகுப் பூனையிலிருந்து எடுக்கும் வாசனைப் பொருள்), சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். கூட்டம் தெருவரைக்கும் நிற்கும். ஏமாற்றுகிற ஆட்களுக்கும் அந்த மூன்று நாள்தான் சீசன்.

நான் தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கே இப்படி என்றால் வெளியூர்க்காரர்கள் கதியை யோசித்துப் பாருங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்த பெரியம்மாவை அழைத்துக்கொண்டு தேரடி மெட்ரோவில் இறங்கினேன். ரோட்டுக்கு வந்ததுமே ஒருவர் கூடவே நடக்க ஆரம்பித்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை. அட்டையின் முன்பக்கம் அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணா, பெரியவங்கள வச்சிக்கினு இந்த லைன்லயா நிக்கப் போறீங்க? நாலு மணி நேரம் ஆவும். ஆளுக்கு ஐநூறு குடுங்க, சாமி சத்தியமா பத்து நிமிஷத்துல உள்ள வுட்டுட்றேன்."

இந்தக் கோயில் மகிழ மரத்தடியில்தான், பிரிய மாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தார் சுந்தரர். மீறியதும் பார்வையே போனது. நம்மாள் அந்தக் கதையைக் கேட்டிருக்க மாட்டார்.

பெரியம்மாவுக்கு முட்டி வலி. சரி என்று ஜிபேயில் ஆயிரம் அனுப்பினேன். அவர் எங்களிடம் சொன்ன பெயர் ஒன்று, திரையில் வந்தது வேறொன்று. மச்சான் நம்பர் என்றார். அதையும் நம்பினேன்!

அப்புறம்தான் தைலம். பையிலிருந்து ரெண்டு பாட்டில் எடுத்தார். "காலைல சாமி மேல சாத்துனது, வெளிய கெடைக்காது" என்றார். பாட்டில் 350. நான் இழுத்தேன். ஆனால் பெரியம்மா அதற்குள் ஒன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டார். அதற்கு மேல் எப்படி வேண்டாம் என்பது?

ஒரு சந்து வழியாக அழைத்துப்போய், வரிசை நடுவில் நின்ற ஒரு பெண்ணிடம், "அக்கா, நம்ம ஆளுங்க" என்று எங்களைச் செருகிவிட்டு மாயமானார். ரெண்டு நிமிஷத்தில் அந்த அக்காவும் காணோம். பின்னால் நின்றவர்கள் சும்மா விடுவார்களா? "காலைலேர்ந்து நிக்கிறோம், நீ இன்னா நடுவுல?" நியாயம்தானே. கடைசிக்குப் போய் நின்றோம். அது இலவச தரிசன வரிசை. நாங்கள் சாமி பார்த்தபோது மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. தரிசனத்தில் ஒரு குறையும் இல்லை. கவசம் இல்லாமல் சாமியைப் பார்த்ததும் பெரியம்மா அழுதேவிட்டார்.

வெளியே வரும்போது கோயில் ஊழியர் ஒருவரிடம் பாட்டிலைக் காட்டினேன். மோந்து பார்த்துச் சிரித்தார். "சார், இங்க எது வாங்கினாலும் உள்ள கவுன்டர்லதான், ரசீதோடதான். ரோட்ல விக்க நாங்க யாரையும் அனுப்பறதில்ல."

வீட்டில் வெளிச்சத்தில் பார்த்தால், ஸ்டிக்கருக்கு அடியில் பழைய இருமல் டானிக் லேபிளின் ஓரம் தெரிகிறது. திறந்தால் மலிவு ஊதுபத்தி வாசனை, அடியில் மஞ்சளாக ஏதோ வண்டல். புனுகு வாசனை கொஞ்சம் காட்டமாக, மூக்கில் ஏறி நிற்கும். ஒருமுறை மோந்தவர்களுக்கு மறக்காது. கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் தன் ரத்தத்தையே விட்டு எரிக்கத் துணிந்த கலிய நாயனார் பிறந்த ஊர் இது. அங்கே போய் இந்த எண்ணெய்!

ஜிபேயில் புகார் கொடுத்தேன். நீங்களே அனுப்பிய பணம் என்று முடித்துவிட்டார்கள். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம். நீங்கள் போனால் அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வயசானவர்களோடு போனால் நேராகக் கோயில் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

ஒரு பாட்டிலைக் குப்பையில் போட்டேன். இன்னொன்றை வீணாக்க மனமில்லாமல் கிரீச்சிடும் எங்கள் கேட்டுக் கீலில் விட்டுப் பார்த்தேன். சத்தம் அப்படியேதான் இருக்கிறது.