வலி ஊசியா, வலியில்லா ஊசியா? முத்தடுப்பில் நாங்கள் எடுத்த முடிவு

குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் முத்தடுப்பு ஊசி. இரண்டு வகையும் கிடைக்கிற இடமாக இருந்தால், எதைப் போடுவது என்று பெற்றோரிடமே கேட்டுவிடுகிறார்கள். நாங்கள் வலி ஊசியைத்தான் எடுத்தோம். யாராவது கேட்டால் இன்றும் அதையேதான் சொல்வேன்.

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் இரண்டு ஊசிகளும் தடுக்கின்றன. வித்தியாசம் கக்குவான் பகுதியில் மட்டும்தான். வலி ஊசியில் கொல்லப்பட்ட கக்குவான் கிருமி முழுசாக இருக்கிறது. மற்றதில் அந்தக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த சில புரதங்கள் மட்டும், அதிகபட்சம் ஐந்து. விலை பொதுவாக வலியில்லாததற்குக் கூடுதல்.

ஊசி குத்தும்போது இரண்டுக்கும் குழந்தை ஒரே மாதிரிதான் அழும். வித்தியாசம் அன்று சாயங்காலம்தான் தெரியும். வலி ஊசி என்றால் காய்ச்சல் வர நிறைய வாய்ப்பு உண்டு. தொடை சிவந்து வீங்கும், துணி மாற்றக் காலைத் தூக்கினாலே வீறிட்டு அழும். எங்கள் குழந்தைக்கும் அப்படித்தான் இருந்தது. மறுநாள் இரவுக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஊசி போட்ட இடத்தில் தொட்டால் தட்டுப்படுகிற ஒரு சின்னக் கட்டி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பாராசிட்டமாலை முன்கூட்டியே கொடுக்காமல், காய்ச்சல் வந்த பிறகு எடைக்கேற்ற அளவில் கொடுக்கச் சொன்னார் மருத்துவர்.

அந்த ஒரு ராத்திரியைப் பொறுத்துக்கொள்ள என்ன காரணம்? பாதுகாப்பு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதுதான். எங்களுக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு விஷயம்.

அமெரிக்கா 1990களில் வலியில்லா ஊசிக்கு முழுசாக மாறியது. 2010இல் கலிபோர்னியாவில் கக்குவான் திரும்பப் பரவி 9,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பத்துக் கைக்குழந்தைகள் இறந்தன. தவணை தவறாமல் ஊசி போட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கும் நோய் வந்திருந்தது. ஆராய்ந்தபோது, ஐந்தாவது தவணைக்குப் பிறகு வலியில்லா ஊசியின் பாதுகாப்பு ஆண்டுக்கு ஆண்டு வேகமாகக் குறைவது தெரிந்தது. குழந்தையில் பழைய வலி ஊசி போட்டிருந்த பதின்வயதினர் அவர்களைவிட நன்றாகத் தப்பித்திருந்தார்கள். பபூன் குரங்குகளில் செய்த சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: வலியில்லா ஊசி போட்ட குரங்குக்கு நோய் வரவில்லை, ஆனால் கிருமி அதன் தொண்டையில் தங்கி மற்ற குரங்குகளுக்குப் பரவியது. வலி ஊசி போடும் நாடுகள் அதையே தொடரட்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்னதும் இதனால்தான்.

ஆண்டுக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குக் கக்குவான் பெரும்பாலும் வாரக்கணக்கில் இழுக்கிற இருமல். அதே கிருமி வீட்டில் இருக்கும் ஒரு மாதக் குழந்தைக்குப் போனால் உயிர்ப் பிரச்சினை. அந்த வயதில் சில குழந்தைகள் இருமக்கூடச் செய்யாது, மூச்சுதான் நின்று நின்று வரும். மூத்தது வீட்டுக்குக் கொண்டுவருகிற கிருமிதான் எங்கள் பயம். (கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போடும் கக்குவான் ஊசி பிறந்த குழந்தையை முதல் சில மாதங்கள் காக்கும். அது வலியில்லா வகைதான், அதைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.) வலி ஊசியின் பாதுகாப்பும் ஆயுசுக்கும் நிற்காது. ஊக்கத் தவணைகள் எதுவானாலும் உண்டு.

வலியில்லா ஊசியை மட்டமாகப் பேச மாட்டேன். ஜப்பானில் 1974-75 குளிர்காலத்தில் வலி ஊசிக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் இறந்ததால் பெற்றோர் பயந்து ஒதுங்கினார்கள். 1979இல் கக்குவான் ஏறக்குறைய 13,000 பேரைத் தாக்கி 41 பேரைக் கொன்றது. 1981இல் அங்கே கொண்டுவந்த வலியில்லா ஊசிதான் பெற்றோரின் நம்பிக்கையை மீட்டது. ஆக, முதல் தவணைக் காய்ச்சலைப் பார்த்துவிட்டு அடுத்த தவணைக்கே போகமாட்டோம் என்கிற வீட்டில் வலியில்லாததே சரி. போடாமல் விடுவதைவிட அது எத்தனையோ மடங்கு மேல்.

முந்தைய தவணைக்குப் பிறகு வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு வெளிறிப் போனாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதாலோ மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்படியான நிலையில் எங்களுக்கு அனுபவம் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது ஒரு குழந்தையின் சாதாரணக் காய்ச்சல் மட்டும்தான், அதனால் அங்கே என் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. முதல் மூன்று தவணையும் ஒரே வகையாக இருப்பது நல்லது. ஆனால் போகிற அன்று அந்த வகை இல்லை என்றால், இருப்பதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். அதற்காகத் தவணையைத் தள்ளிப்போட வேண்டாம்.