அளவு நாடாவில் தொடங்க வேண்டிய விளையாட்டு: அசெட்டோ கோர்சாவுடன் மூன்று ஆண்டுகள்

அசெட்டோ கோர்சாவை நான் ஓட்டத் தொடங்கி மூன்று ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இத்தாலியின் குனோஸ் சிமுலாட்ஸியோனி நிறுவனம் 2014 டிசம்பரில் முழு வடிவில் வெளியிட்ட கார்ப் பந்தய சிமுலேட்டர் இது. இதற்குப் பின் வந்த விளையாட்டுகளில் காட்சி அழகு கூடியவை பல உண்டு. ஆனாலும் நான் இதிலேயே நிலைத்திருப்பதற்குக் காரணம், டயர் தரையைப் பற்றுவதையும் பிடி நழுவத் தொடங்குவதையும் இது ஸ்டீயரிங் வழியாகக் கைக்குச் சொல்லும் விதம்தான். அந்த உணர்வு நிறுவிய முதல் நாளிலேயே எனக்குக் கிடைத்துவிடவில்லை; ஏறத்தாழ எட்டு மாதங்கள் அது இல்லாமலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். கருவியிலோ விளையாட்டிலோ குறை இருக்கவில்லை. நான் அமைப்புகளைத் தொட்ட வரிசைதான் தலைகீழாக இருந்தது. எடுத்த எடுப்பில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் (ஸ்டீயரிங் கைக்குத் திருப்பித் தரும் விசை) அளவுகளை ஏற்றி இறக்கினேன், பிறகு காரின் சஸ்பென்ஷனில் கை வைத்தேன், உட்காரும் இடத்தையும் திரையின் தூரத்தையும் கடைசிவரை கவனிக்கவே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் இருக்கை, அடுத்து கண், பிறகு கால், அதன் பின் கை, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கார் என்ற வரிசையில் போக வேண்டும் என்பதே இந்த மூன்று ஆண்டுகளில் நான் உறுதியாக நம்புகிற ஒன்று.

நான் தொடங்கியபோது ஸ்டீயரிங் எழுதும் மேசையில் இறுக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்தது சக்கரம் வைத்த நாற்காலியில். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் நாற்காலி இரண்டு மூன்று விரற்கடை பின்னால் நகரும், அதைச் சரிசெய்ய முதுகும் தொடையும் தாமாகவே இறுகும். பிரேக்கில் கால் செலுத்தும் விசை ஒவ்வொரு முறையும் வேறாக இருந்ததற்கு இதுவே காரணம் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. நகராத நான்கு கால் நாற்காலிக்கு மாறி, பெடல் பலகையின் பின்புறத்தைச் சுவரோடு ஒரு மரச்சட்டத்தால் முட்டுக்கொடுத்த அன்றே லேப் (தடத்தின் ஒரு சுற்று) நேரங்களுக்கிடையே இருந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. கைகளுக்கான அளவு எளிது. தோள் பின்சாய்வில் படிந்திருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். பிரேக்கை முழுமையாக மிதித்த நிலையிலும் முழங்காலில் சற்று மடிப்பு மீதமிருக்க வேண்டும்.

அடுத்தது பார்வைக் கோணம். என் அனுபவத்தில் ஓட்டும் விதத்தை மிக அதிகமாக மாற்றிய ஒற்றை அமைப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மானிட்டரை ஒரு ஜன்னலாக எண்ணிக்கொள்ளுங்கள். ஜன்னலிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்களோ அதற்கேற்ற அளவு உலகம்தான் அதன் வழியே தெரிய வேண்டும். திரையின் உயரத்தில் பாதியைக் கண்ணுக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தால் வகுத்து, அதன் தலைகீழ் டேன்ஜென்ட்டைக் கண்டு இரட்டித்தால் செங்குத்துக் கோணம் கிடைக்கும். அசெட்டோ கோர்சா கேட்பது இந்தச் செங்குத்துக் கோணத்தைத்தான். என்னுடைய 27 அங்குலத் திரையின் உயரம் 33.6 சென்டிமீட்டர். மேசையின் பின்விளிம்பில், கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி அது இருந்தபோது கணக்குப்படி வந்த கோணம் 21 டிகிரி மட்டுமே. நானோ பக்கவாட்டில் நிறையத் தெரியட்டும் என்று 55 டிகிரி வைத்திருந்தேன்.

21 டிகிரியை அப்படியே இட்டுப் பார்த்தபோது குழாய்க்குள் பார்ப்பதுபோல் இருந்தது. கோணத்தைக் கூட்டுவது இதற்குத் தீர்வல்ல. திரையை அருகில் கொண்டுவர வேண்டும். ஸ்டீயரிங்கின் உடற்பகுதிக்கு நேர் பின்னால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி மானிட்டரை நகர்த்தி நாடாவால் அளந்தபோது தூரம் 55 சென்டிமீட்டர், கோணம் 34 டிகிரி. முதல் இரண்டு நாள் கார் மெதுவாகப் போவதாகத் தோன்றும், வளைவின் உட்புறம் தெரியவில்லையே என்ற பதற்றமும் வரும். இந்த இரண்டு நாளில்தான் பலர் பழைய கோணத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை திரும்பினேன். மூன்றாம் நாள் இத்தாலியின் முஜெல்லோ பந்தயத் தடத்தின் நீண்ட நேர்பாதை முடிந்து வரும் சான் டொனாட்டோ வளைவில் வித்தியாசம் தெரிந்தது. அதுவரை ஓரத் தூரப் பலகைகள் எங்கோ புள்ளியாகத் தோன்றிச் சட்டெனக் கடந்துபோகும். இப்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி புரியும்படி நெருங்கி வந்தன. பிரேக் மிதிக்கும் இடத்தை எண்ணிப் பார்த்து முடிவு செய்யாமல் கண்ணால் கண்டு முடிவு செய்ய முடிந்தது. காருக்குள் ஓட்டுநர் இருக்கையின் உயரத்தையும் முன்பின் தூரத்தையும் கோணத்தைத் தொடாமலே தனியாகச் சரிசெய்யலாம். தொடுவானம் உங்கள் கண்மட்டத்தில் வரும்படி வைத்தால் போதும்.

பெடல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் பொறுமையை மிகவும் சோதித்தவை அவைதான். முதலில் இயங்குதளத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் தனித்தனி அச்சுகளாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். சில கருவிகள் இரண்டையும் ஒரே அச்சில் இணைத்த நிலையில் வரும். அப்படியிருந்தால் இரண்டையும் ஒருசேர மிதிக்கும்போது ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பின்பு முழு மிதியில் நூறும் காலை எடுத்ததும் பூச்சியமும் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் என் கார் நேர்பாதைகளில் காரணமில்லாமல் வேகம் குறைந்தது. எஞ்சின் அமைப்பு, டயர், எரிபொருள் என்று ஒரு வாரம் தேடிய பிறகு, திரையில் பெடல் நிலையைக் காட்டும் சிறு சாளரத்தைத் திறந்தேன். கால் படாதபோதும் பிரேக் பட்டையின் அடியில் மெல்லிய கோடொன்று துடித்துக்கொண்டிருந்தது. பெடலின் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி படிந்தால் இப்படி ஆகும். தற்காலிகமாகத் தொடக்கத்தில் 3 விழுக்காடு டெட் ஸோன் (மிதியைக் கணக்கில் எடுக்காத பகுதி) வைத்து ஓட்டினேன். பிறகு பெடலைப் பிரித்து, மின்தொடர்புகளுக்கான துப்புரவுத் தெளிப்பானை இட்டு, தண்டை இருபது முப்பது முறை திருப்பியதும் கோடு மறைந்தது. பத்து மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்துவருகிறேன்.

பிரேக்கைப் பொறுத்தவரை, நகரும் தூரத்தை அளப்பவை ஒரு வகை. லோட் செல் கொண்டு விசையை அளப்பவை இன்னொரு வகை. கால் தசை தூரத்தைவிட விசையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்வதால் இரண்டாவது வகை மேலானது. புதியவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் வகையிலும் பிரேக் காமா என்ற அமைப்பைச் சற்றுக் கூட்டினால், மிதியின் தொடக்கப் பகுதி மென்மையாகி நுணுக்கமாகக் கட்டுப்படுத்த இடம் கிடைக்கும்.

இனி கை. ஸ்டீயரிங் மொத்தம் எத்தனை டிகிரி சுழல்கிறது என்பதைக் கருவியின் மென்பொருளிலும் விளையாட்டிலும் ஒன்றாகக் குறிக்க வேண்டும்; என்னுடையது 900. சரிபார்க்க, கையிலுள்ள ஸ்டீயரிங்கைக் கால் சுற்று திருப்பி, திரையில் தெரியும் ஸ்டீயரிங்கும் அதே அளவு திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இது பொருந்தினால், சாலைக் காருக்கும் ஃபார்முலா காருக்கும் உள்ள வேறுபாட்டை விளையாட்டே பார்த்துக்கொள்ளும்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் எல்லோரும் செய்யும் தவறையே நானும் செய்தேன். விசை அதிகமாக இருந்தால் உண்மைத்தன்மை அதிகம் என்று எண்ணி மொத்த அளவை உச்சத்தில் வைத்தேன். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மோட்டாருக்கு ஓர் எல்லை உண்டு. விளையாட்டு அனுப்பும் விசை அந்த எல்லையைத் தாண்டும்போது, தாண்டிய அளவு எவ்வளவாயினும் கைக்கு வருவது ஒரே உச்ச விசைதான். இதையே கிளிப்பிங் என்கிறோம். முஜெல்லோவின் அர்ராபியாட்டா என்ற இரட்டை வலது வளைவுகள் மேட்டில் ஏறியபடி மிக வேகமாகக் கடக்கப்படுபவை. அங்கே முன் டயர்கள் பிடியை இழக்கத் தொடங்கும் தருணத்தில் ஸ்டீயரிங் சற்று இளக வேண்டும். அந்த இளக்கம்தான் எச்சரிக்கை. கிளிப்பிங் இருந்தபோது வளைவு முழுவதும் ஸ்டீயரிங் கல்லைப்போல் ஒரே இறுக்கமாக இருந்தது. கார் வெளியே வழுக்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. பெடல் சாளரத்திலேயே நான்காவதாக உள்ள பட்டை இந்த விசையைக் காட்டுகிறது. எல்லையைத் தொட்டால் அது சிவப்பாகும். நீங்கள் ஓட்டும் தடத்தின் வேகமான வளைவில் அது சிவக்காத அளவுக்கு மொத்த விசையைக் குறையுங்கள். தடத்தின் ஓர விளிம்பான கர்பில் ஏறும்போது கணநேரம் சிவப்பது பரவாயில்லை. ஒவ்வொரு காருக்கும் இந்த அளவைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், ஓட்டும்போதே செய்யலாம்.

பல்சக்கரத்தால் இயங்கும் ஸ்டீயரிங்குகளில் எதிர்ப்பக்கக் குறையும் உண்டு: மிகச் சிறிய விசைகள் உராய்வைத் தாண்ட முடியாமல் உள்ளேயே அடங்கிவிடும், நடுப்பகுதி செத்ததுபோல் இருக்கும். குறைந்தபட்ச விசை என்ற அமைப்பு இதற்காகவே உள்ளது. மிகுந்தால் நேர்பாதையில் ஸ்டீயரிங் இடவலமாகத் தானே ஆடும். ஆடத் தொடங்கும் புள்ளியைக் கண்டு அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இதைவிட நுட்பமான வழி, வீல்செக் என்ற சிறு நிரலால் மோட்டாரின் உண்மையான மறுமொழியை அளந்து, அதைக் கொண்டு ஒரு திருத்தக் கோப்பை உருவாக்கி விளையாட்டிடம் கொடுப்பது. அப்படிச் செய்தால் குறைந்தபட்ச விசையைப் பூச்சியமாக்கிவிட வேண்டும், இல்லையேல் ஒரே திருத்தம் இருமுறை நடக்கும். கர்ப் அதிர்வு, சாலை அதிர்வு, வழுக்கல் அதிர்வு ஆகியவை டயரிலிருந்து வருபவை அல்ல, மேலே பூசப்படுபவை. நான் கர்ப் அதிர்வை மட்டும் மிகக் குறைவாக வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் பூச்சியம்.

ஓட்டுநர் உதவிகளில், பிரேக்கில் சக்கரம் இறுகி நிற்பதைத் தடுக்கும் ஏபிஎஸ், ஆக்சிலரேட்டரில் சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இரண்டையும் ஃபேக்டரி நிலையில் வையுங்கள். உண்மைக் காரில் அந்த வசதி இருந்தால் கிடைக்கும். 1967-இல் தடத்துக்கு வந்த லோட்டஸ் 49 போன்ற காரில் கிடைக்காது. காட்சித் தரத்தில் நிழலையும் பிரதிபலிப்பையும் குறைத்தாவது வினாடிக்குத் தோன்றும் படங்களின் (ஃபிரேம்) எண்ணிக்கையைச் சீராக வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வரும் விசையைத் தீர்மானிக்கும் இயற்பியல் கணக்கு வினாடிக்கு 333 முறை நடக்கிறது. ஆனால் படத்தைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் வி-சிங்க் சேர்க்கும் தாமதத்தால் கை உணர்வதைக் கண் பின்னால் வந்து பார்க்கும் நிலை ஏற்படும்.

காரின் உள்ளமைப்பை முதல் மூன்று மாதங்கள் தொடாதிருப்பது நல்லது. ஒரே கார், ஒரே தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பிஎம்டபிள்யூ எம்3 இ30 காரையும், சுமார் 2.5 கிலோமீட்டர் நீளமுள்ள மஜியோனே தடத்தையும் வைத்துக்கொண்டேன். தட்பவெப்பத்தையும் தரைப் பிடியின் நிலையையும் மாறாமல் நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்து லேப் ஓட்டி, நோட்டில் எழுதினேன். தொடத் தகுந்தவை முதலில் இரண்டே: டயர் அழுத்தமும் முன்பின் பிரேக் பங்கீடும். டயர் சூடாகும்போது அழுத்தம் ஏறும் என்பதால், புறப்படும்போது காட்டும் எண்ணை நம்பாமல் ஐந்தாறு லேப் கழித்துக் காட்டும் எண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூல விளையாட்டில் மழையும் இரவும் இல்லை, கணினி ஓட்டும் எதிராளிகள் நெருக்கத்தில் தடுமாறுகிறார்கள், மெனுக்கள் புதியவருக்கு உதவுவதில்லை. கன்டென்ட் மேனேஜர், கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் ஆகிய, ரசிகர்கள் உருவாக்கிய துணை நிரல்கள் இவற்றில் பெரும்பகுதியைச் சரிசெய்கின்றன. ஆனால் அவை தரும் அமைப்புகளின் எண்ணிக்கையே புதியவரைத் திணறடிக்கும் என்பதால், அடிப்படை அமைந்த பிறகு நிறுவுவதே சரி. ஆவணங்கள் கோப்புறைக்குள் விளையாட்டின் பெயரில் உள்ள அமைப்புக் கோப்புகளை நகலெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியை மறுநிறுவல் செய்தபோது ஓராண்டு உழைப்பை நான் இழந்தது இந்த நகல் இல்லாததால்தான்.

சென்ற மாதம் 32 அங்குலத் திரைக்கு மாறினேன். உயரம் 39.8 சென்டிமீட்டர். 65 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் பழைய 34 டிகிரியே வரும். அதே 55-இல் வைத்தால் 40 டிகிரி. பக்கவாட்டில் கூடுதலாகத் தெரியும் என்பதால் 55-ஐத் தேர்ந்தெடுத்து, நாடாவால் அளந்து, எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு முஜெல்லோவில் இறங்கினேன். கண்ணாடியும் கதவின் விளிம்பும் புதிதாகத் தெரிந்தன. சான் டொனாட்டோவில் பிரேக்கை மிதித்த இடம் மட்டும் முந்தைய திரையில் மிதித்த அதே இடம்தான்.