மாஸ்டர் ஃபைல் காலி: டிபியிலிருந்து மீட்பதா, பேக்கப்பிலிருந்தா?

திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பக்கத்தில் ஓர் அச்சகம். அங்கே ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் ஃபைல் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆனித் தேரோட்ட நோட்டீஸ்கள் குவிந்திருந்த வாரம், காலையில் புதிதாகச் சேர்ந்த மூன்று பையன்களுக்கு சர்வரில் லாகின் கணக்கு தொடங்கினேன். பதினோரு மணிக்கு, /ஈடிசி-யில் எல்லாப் பயனர் கணக்குகளும் பாஸ்வேர்ட் விவரமும் இருக்கும் மாஸ்டர்.பாஸ்டபிள்யூடி ஃபைலை யூஐடி (பயனர் எண்) வரிசையில் அடுக்கினால் என்ன என்று தோன்றியது. வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையின் வெளியீட்டை அதே ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) அந்த ஃபைலைக் காலியாக்கிவிடும். தெரிந்த சங்கதிதான், கை முந்திக்கொண்டது. எல்எஸ் போட்டுப் பார்த்தால் 0 பைட்.

ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "சர்வர் நல்லா ஓடுதுல்லா?" என்றார். "ஓடுது அண்ணாச்சி" என்றேன். பொய்யில்லை. லாகின் செய்யும்போது சிஸ்டம் அந்த டெக்ஸ்ட் ஃபைலைப் பார்ப்பதே இல்லை; அதிலிருந்து பிடபிள்யூடி_எம்கேடிபி என்ற கட்டளை கட்டி வைத்திருக்கும் எஸ்பிடபிள்யூடி.டிபி என்ற தரவுத்தள ஃபைலைத்தான் (டிபி) பார்க்கிறது. மூலம் போனாலும் நகல் உயிரோடு இருந்தது.

மீட்க இரண்டு வழி. முதலாவது /வார்/பேக்கப்ஸ். தினமும் அதிகாலை 3.01-க்கு ஓடும் பீரியாடிக் வேலை, மாஸ்டர் ஃபைல் மாறியிருந்தால் அதன் பிரதியை அங்கே பிஏகே என்ற வாலோடு வைக்கும். அதற்கு முந்தையது பிஏகே2 ஆகும். அதை எடுத்துப் போட்டு, பிடபிள்யூடி_எம்கேடிபி-யை -பி கொடுத்து ஓட்டினால் வேலை முடிந்தது. நாம் எழுதி வைத்த கமென்ட் வரிகளும் அப்படியே திரும்பி வரும்.

நான் எடுத்தது இரண்டாவது வழி, டிபியிலிருந்தே பிழிந்தெடுப்பது. காரணம் ஒன்றே ஒன்று: பாஸ்வேர்ட் ஹாஷ், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சேமித்து வைக்கும் உருமாற்றிய வடிவம். பேக்கப்பில் இருப்பது அதிகாலை மூன்று மணி நிலவரம். காலையில் சேர்த்த மூன்று பேர் அதில் இல்லை. ஒன்பது மணிக்குப் பாஸ்வேர்ட் மாற்றிய கணக்காளருக்குப் பழையது திரும்ப வந்திருக்கும். அவரிடம் போய் "பழைய பாஸ்வேர்டைப் போடுங்க" என்று சொல்வதற்கு நான் தயாராக இல்லை.

முதலில் எஸ்பிடபிள்யூடி.டிபி-யைத் தனியாகப் பிரதி எடுத்தேன். இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும். பதற்றத்தில் டிபியைப் புதுப்பிக்கும் கட்டளை எதையாவது ஓட்டினால், இருக்கும் ஒரே நல்ல நகலும் போய்விடும். அப்புறம் ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், வீண். பெயர், யூஐடி, வரிசை எண் என்று ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பதிவு இருப்பதால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தார். கணக்குகளைப் பட்டியலிடும் 'பிடபிள்யூ யூசர்ஷோ -ஏ' அழகாகப் பத்துப் புலமும் காட்டும். ஆனால் ஹாஷ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறி. சாதா பாஸ்டபிள்யூடி ஃபைலும் கைகொடுக்காது: அதில் ஏழு புலம்தான், ஹாஷும் கிடையாது. தற்காலிக ஆட்கள் இரண்டு பேருக்கு நான் வைத்திருந்த காலாவதித் தேதியும் அதில் இருக்காது.

கடைசியில் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு சி நிரல். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) இருந்து, கணக்குகளை ஒவ்வொன்றாகத் தரும் கெட்பிடபிள்யூஎன்ட் ஃபங்ஷனை அழைத்தால் ஹாஷோடு எல்லாமே கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது புல வரிசை: ஜிஐடி-க்கும் (குழு எண்) முழுப் பெயருக்கும் நடுவே லாகின் கிளாஸ், பாஸ்வேர்ட் மாற்ற வேண்டிய தேதி, காலாவதி என மூன்றும் வர வேண்டும். வேறு ஃபைலில் எழுதி, பிறர் படிக்க முடியாதபடி 600 அனுமதி வைத்து, வரிகளை எண்ணி, பிடபிள்யூடி_எம்கேடிபி -சி கொடுத்துச் சரிபார்த்த பிறகே உள்ளே போட்டேன். சுமார் நாற்பது நிமிடம் ஆனது. கமென்ட் வரிகள் மட்டும் போயே போய்விட்டன. டிபியில் அவை ஏறுவதில்லை.

டிபியும் கெட்டுப்போயிருந்தால் பேக்கப் வழிதான், பேச்சே இல்லை. எல்டாப் (கணக்குகளை வெளியே ஒரு மைய சர்வரில் வைக்கும் முறை) இணைத்த சர்வரில் என் வழி அப்படியே ஒத்துவராது. வெளிக் கணக்குகளும் பட்டியலில் கலந்துவிடும், வடிகட்ட வேண்டும். அதை நான் செய்து பார்த்ததில்லை. லினக்ஸில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. அங்கே டெக்ஸ்ட் ஃபைல்தான் எல்லாம், ஹாஷ் இருக்கும் ஷேடோ ஃபைல் காலியானால் அடுத்த பாஸ்வேர்ட் லாகினே விழும். பெயரின் கடைசியில் சிறு கோடு (-) போட்ட வாலோடு கிடக்கும் முந்தைய பிரதியைத்தான் தேட வேண்டும்.

யூஐடி வரிசை இன்னும் கலைந்தேதான் கிடக்கிறது.