அஸிஸ்ட் தொகுப்பு: கேள்வித்தாள் கச்சிதம், கொடுத்தனுப்பும் புத்தகம்தான் சோடை

போதை மீட்புப் பணியாளர்களுக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் உலக சுகாதார நிறுவனத்தின் அஸிஸ்ட் (ASSIST) தொகுப்புக்கு நல்ல பெயர் உண்டு. புகையிலை, மது, போதைப் பொருள் பழக்கத்தால் ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து என்று கேள்வி கேட்டு அளக்கும் முறை இது. 2010-ல் வந்த மூன்று கையேடுகள் இதில் இருக்கின்றன. கேள்விகளை எப்படிக் கேட்பது என்பதற்கு ஒன்று, கேட்டபின் எப்படிப் பேசுவது என்பதற்கு ஒன்று, வந்தவர் கையோடு எடுத்துப்போக ஒரு சுயஉதவிப் புத்தகம். முதலாவது அருமை. மற்ற இரண்டையும் கொஞ்சம் திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும்.

கேள்விகள் எட்டுதான், 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். புகையிலை, மது, கஞ்சா என ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். மதுவுக்கு 11-லும் மற்றவற்றுக்கு 4-லும் நடுத்தர ஆபத்து தொடங்குகிறது. எதுவானாலும் 27-ஐத் தொட்டால் அதிக ஆபத்து. பிசகுவது பெரும்பாலும் கூட்டலில்தான். 2 முதல் 7 வரையுள்ள கேள்விகளை மட்டுமே கூட்ட வேண்டும். புகையிலைக்கு 5-ஆம் கேள்வி கணக்கில் வராது. அதனால் அதன் உச்சம் 31, மற்றவற்றுக்கு 39. புகையிலைக்கு 34 என்று தாளில் இருந்தால் திரும்பக் கூட்டுங்கள். 6, 7-ஆம் கேள்விகளில் ‘கடந்த 3 மாதத்தில் ஆம்’ என்பதற்கு 6, ‘ஆம், ஆனால் அதற்கு முன்பு’ என்பதற்கு 3. அச்சில் 0, 6, 3 என்றே வரிசை. கை தானாக 0, 3, 6 என்று போட்டுவிடும். இன்னொன்று: 3 மாதமாக எதையும் தொடவில்லை என்றால் 3, 4, 5-ஆம் கேள்விகளைத் தாண்டலாம், 6-ஐயும் 7-ஐயும் தாண்டக் கூடாது.

அந்த 3 மாதக் கணக்கிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. உள்நோயாளியாக 3 மாதம் இருந்துவிட்டு வெளியே வருபவருக்குப் பிறர் முன்பு பட்ட கவலையும் (6-ஆம் கேள்வி), குறைக்க முயன்று முன்பு தோற்றதும் (7-ஆம் கேள்வி) மட்டும் எண்ணப்பட்டால், கிடைப்பது அதிகபட்சம் 6. மதுவில் அது ‘குறைந்த ஆபத்து’! ஓபியம் வகைப் பொருள்களில் நிலைமை இன்னும் மோசம். இடைவெளியில் உடலின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய அளவையே எடுத்தால் உயிர் போகலாம். எண்ணைப் பார்த்து அவரை அனுப்பிவிடாதீர்கள்.

பேசும் முறைக்கு இரண்டாவது கையேடு பத்துப் படிகள் தருகிறது. ‘உங்கள் மதிப்பெண்ணைப் பார்க்க விருப்பமா?’ என்று அனுமதி கேட்டுத் தொடங்குவது அதன் பெரிய பலம். அறிவுரையின் வாடையே அடிக்காது. இடறுவது நடுவில், பயன்படுத்துவதில் உள்ள நல்லதையும் அவ்வளவு நல்லதல்லாததையும் எடைபோடச் சொல்லும் இடத்தில். கையேடு பிந்தையதை அழுத்திச் சொல்லச் சொல்கிறது. ஆனால் அவசரத்தில் பணியாளர் தாளை இரண்டாக மடித்துச் சரிசமமாக எழுத வைத்துவிடுகிறார். இரண்டு மனதாக இருப்பவர் நல்லதை விரிவாகச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கமே சாய்வார். முதல் பக்கத்துக்கு ஒரே கேள்வி போதும், எழுத வேண்டாம். இரண்டாவதில் நின்று, அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்லுங்கள். விட முடிவெடுத்துவிட்டவரிடம் முதல் பக்கமே தேவையில்லை.

இதோடு, ‘விட முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்?’ என்று கேட்கும் 0–10 நம்பிக்கை அளவுகோலையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் 5 என்றால் ‘ஏன் 2 இல்லை?’ என்று கேளுங்கள். தன் பலத்தை அவரே சொல்வார். ‘ஏன் 9 இல்லை?’ என்றால் சாக்குகள்தான் வரும்.

சுயஉதவிப் புத்தகம் பொறுமையாகப் படிப்பவருக்குச் சரி. மற்றவர்களுக்கு ஒரே ஒரு தாள் போதும்: ‘இன்ன நேரத்தில், இன்னாருடன் இருக்கும்போது ஆசை வந்தால், இதைச் செய்வேன்’ என்ற வடிவில் இரண்டே வரி. ‘கட்டுப்படுத்திக்கொள்வேன்’ என்று எழுதினால் அது திட்டமல்ல. ‘சம்பள நாளில் நண்பர் கூப்பிட்டால், தம்பியோடு வீட்டுக்குப் போய்விடுவேன்’ என்பது திட்டம். எழுதுவது அவர் கையெழுத்தாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரிடம் புத்தகத்தைக் கொடுத்து ‘இன்றோடு நிறுத்துங்கள்’ என்று அனுப்பக் கூடாது. நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். பிறகு நடுக்கத்தோடு சித்தப்பிரமையும் சேரலாம். 27-ஓ அதற்கு மேலோ என்றால் மருத்துவரிடம் அனுப்புவதுதான் முதல் வேலை. கடைசி 3 மாதத்தில் போதை ஊசி போட்டிருந்தால், கூட்டலில் சேராத 8-ஆம் கேள்வியை வைத்துத் தனியாக முடிவெடுக்க வேண்டும். மாதம் சராசரியாக 4 நாளுக்கு மேல் என்றால் சிறு பேச்சு போதாது.

முன்னேற்றம் பார்க்க இதே கேள்வித்தாளை 4 வாரத்தில் மறுபடி நீட்டுவது வீண். கேட்கும் 3 மாதத்தில் இரண்டு மாதம் பழைய கதையாகவே இருக்கும். விட்டவருக்கும் மதிப்பெண் பெரிதாக இறங்காது, மனம்தான் உடையும். 3 மாதம் முடியும்வரை ‘போன வாரம் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு’ என்று மட்டும் குறித்துவாருங்கள்.